பட்டர்வொர்த்தில் தமிழில் ஒரு குடும்பத்தார் குழு: முதல் எட்டு வாரத்தை எப்படி நடத்துவது?

பிறைப்பாலம்:
வணக்கம். குடியிலோ ஷாபுவிலோ (மெத்தாம்ஃபெட்டமின் போதைப்பொருள்) ஹெரோயினிலோ மாட்டிக்கொண்டவர்களின் வீட்டாருக்காக மலேசியாவின் பட்டர்வொர்த்தில் தமிழிலேயே ஒரு வாரக் கூட்டம் தொடங்குகிறோம். குடிப்பவருக்கு அல்ல, மனைவி, அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்களுக்கு. ஆங்கிலக் கூட்டங்களுக்குப் போய் வாய் திறக்காமலே திரும்புகிறவர்கள்தான் அதிகம் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். கோயில் மண்டபத்தின் பின்னறை கிடைத்திருக்கிறது. பதினைந்து நாற்காலி, நடத்த இரண்டு பேர். எவ்வளவு நேரம் வைப்பது, எதைப் பேசவிடுவது, எதைத் தடுப்பது, எங்கே உடையும் என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

செந்தூல் ரயிலடி:
முதலில் அறை. கோயில் பின்னறைக்கு வாடகை இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் தாமான்காரர்கள் (குடியிருப்புக்காரர்கள்) எல்லாரும் நடமாடும் இடம் அது. ஞாயிறு மாலை ஒரு பெண் அந்தக் கதவுக்குள் நுழைந்தால் திங்கள் காலைச் சந்தைக்குள் செய்தி போய்விடும். கிறிஸ்துவர்களும் இந்திய முஸ்லிம்களும் வாசலோடு நின்றுவிடுவார்கள். முகூர்த்த நாள் வந்தால் அறையும் கைவிட்டுப் போகும். இரண்டு வாரம் அடுத்தடுத்து இடம் மாறினால் பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள். வார இறுதியில் பூட்டிக் கிடக்கும் பாலர் பள்ளி, டியூஷன் வகுப்பறை, கடைவீட்டு மாடி இவற்றில் ஒன்றைப் பாருங்கள். மாடிக்குக் கீழே வேறு கடைகள் இருந்தால் இன்னும் நல்லது. யார் எதற்கு ஏறுகிறார் என்று எவருக்கும் தெரியாது.

நேரம் 90 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். பிறை தொழிற்பேட்டையில் ஏழு முதல் ஏழு ஷிப்டு என்பதால் வார நாள் மாலை சரிப்படாது. ஞாயிறு நான்கு மணி என்றால் சமையல் முடிந்திருக்கும், இருட்டுவதற்குள் வீடு சேரலாம். பத்துப் பேர் வந்தால் கணக்கு இப்படி: தொடக்கம் 5 நிமிடம், ஆளுக்கு 4 நிமிடமாக ஒரு சுற்று 40, அன்றைய தலைப்பு 25, விட்டுப்போனதைப் பேச 15, முடிப்பு 5. பன்னிரண்டு பேரைத் தாண்டினால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். தாண்டிய பிறகும் ஒரே வட்டம் என்றால் கடைசி மூன்று பேருக்கு நேரமே மிஞ்சாது. அதிகம் தயங்குகிறவர்கள்தான் எப்போதும் கடைசியில் உட்கார்ந்திருப்பார்கள்.

டீயும் பலகாரமும் முடிந்த பிறகுதான். முதலில் வைத்தால் அங்கேயே கதை தொடங்கிவிடும். தாமதமாக வருகிறவர், தன்னைப் பற்றித்தான் பேசினார்களோ என்று நினைப்பார்.

பிறைப்பாலம்:
நன்றி அண்ணே. சுற்றில் ஒருவர் பேசும்போது மற்றவர் ஆலோசனை சொல்லலாமா? நம் ஆட்களால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாதே.

செந்தூல் ரயிலடி:
சுற்றில் ஆலோசனை கூடாது. இந்த ஒரு விதியில் தளர்ந்தால் மூன்றாம் வாரமே குழு உடையும். "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று ஒரு பெரியவர் அன்போடுதான் சொல்வார். கேட்பவளுக்கு அது வீட்டில் தினமும் விழும் அதே தீர்ப்பு. தலைப்புப் பகுதியில் மட்டும், கேட்டவருக்கு மட்டும், கேட்ட விஷயத்தில் மட்டும் பதில். "இன்றைக்கு நான் பேசவில்லை" என்று ஒருவர் சொன்னால் அடுத்தவரிடம் போய்விடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

நேரத்தைக் கைப்பேசியில் வைத்து எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். நான்கு நிமிடம் ஆனதும் நடத்துபவர் கையைத் தூக்கினால் போதும், வாயால் தடுக்க வேண்டாம். நடத்தும் இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது. ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவர் கூட்டத்தை நடத்த, மற்றவர் கதவைப் பார்த்து உட்கார வேண்டும். அழுதுகொண்டு வெளியே போகிறவர் பின்னால் போவதும், போதையில் யாராவது வாசலுக்கு வந்தால் எழுந்து போய் வெளியிலேயே நிறுத்திப் பேசுவதும் அவர் வேலை.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் உட்காரக்கூடாது. "கல்யாணத்துக்கு முன்னாடி என் பிள்ளை தொட்டதே இல்லை" என்று அம்மா சொன்னால் மருமகள் அதோடு வாயை மூடிவிடுவாள். அம்மா பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. இரண்டு வட்டம் இருந்தால் பிரித்து வையுங்கள். ஒரே வட்டம்தான் என்றால் வாரம் விட்டு வாரம் வரச் சொல்லுங்கள். முதல் அழைப்பிலேயே "உங்கள் வீட்டிலிருந்து வேறு யாராவது வருகிறார்களா?" என்று கேட்டுவிட்டால் அறையில் சங்கடம் வராது.

அறைக்குள் "குடிகாரன்", "கஞ்சாக்காரன்" என்ற சொற்கள் வேண்டாம். "அவருக்குக் குடிநோய்" என்று சொல்லிப் பழகட்டும். பழகுவதற்கு நான்கைந்து வாரம் ஆகும், அதுவரை திருத்திக்கொண்டே இராமல் நீங்கள் மட்டும் சரியாகச் சொல்லி வாருங்கள்.

நிழல்மரம்:
தலைப்புப் பகுதியில் என்ன பேசுவது என்பதற்கு. உலகில் இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான். "இதற்கு நான் காரணமில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது" என்ற மூன்றும் அங்கிருந்து வந்தவை. வீட்டாரின் மனம் நிலைகொள்வதுதான் அதன் நோக்கம். மற்றது ராபர்ட் மேயர்ஸ் வகுத்த கிராஃப்ட். குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவர வீட்டாருக்குக் கைவசப்படக்கூடிய திறன்களை அது சொல்லிக்கொடுக்கிறது. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 130 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். கிராஃப்ட் பயின்றவர்களில் 64 விழுக்காட்டினர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். எல்லாரும் கூடி ஒரே நாளில் எதிர்கொள்ளும் முறையில் 30, அல்-அனான் வழியில் 13. அல்-அனான் அதற்காக ஏற்பட்டதே அல்ல என்பதால் அந்த 13ஐத் தோல்வியாகப் பார்க்கக்கூடாது. மூன்று வழியிலும் வீட்டாரின் மனச்சோர்வும் கோபமும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தன.

தமிழ்க் குழுவுக்கு இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. சுற்றில் முதல் வழி, தலைப்பில் இரண்டாம் வழி.

எட்டு வாரத்தில் கட்டாயம் தொட வேண்டியது "எப்போது பேசுவது" என்பது. போதையில் இருக்கும்போது பேசிய எதுவும் நிற்காது. ஷாபு எடுப்பவர் இரண்டு மூன்று நாள் தூங்காமல் இருந்துவிட்டு அப்படியே விழுந்து தூங்குவார்; எழுந்து, சாப்பிட்டு, மறுநாள் ஆன பிறகுதான் காது திறக்கும். பேச்சும் நீளமாக இருக்கக்கூடாது. "நேற்று நீ குடிக்காமல் வந்தாய், பிள்ளைகளோடு சாப்பிட்டோம், எனக்கு நிம்மதியாக இருந்தது. சனிக்கிழமை கிளினிக்குக்கு நானும் வருகிறேன்." இவ்வளவு போதும். பழைய கணக்கு ஒன்றை உள்ளே நுழைத்தாலும் பேச்சு சண்டையாகிவிடும். இதை அறையில் இருவர் இருவராக நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்கும்போது எளிதாகத் தோன்றும், சொல்லிப் பார்க்கும்போது மூன்றாவது வார்த்தையிலேயே குரல் உயர்வது அவர்களுக்கே தெரியும்.

விளைவை அவரே சுமக்க விடுவதையும் தனி வாரமாக எடுங்கள். குடித்துவிட்டு எழ முடியாதவருக்காக மனைவி கம்பெனிக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று சொல்லுகிறாள். வாந்தியைத் துடைத்து, உடை மாற்றி, கட்டிலில் படுக்க வைக்கிறாள். காலையில் அவர் எழும்போது நேற்று எதுவும் நடந்த தடயமே இல்லை. அவளுக்கு மட்டும்தான் நேற்று என்று ஒன்று இருக்கிறது. போன் செய்வதை நிறுத்தலாம், உடை மாற்றுவதை நிறுத்தலாம். ஆனால் வாந்தி எடுத்தவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைப்பதை நிறுத்தக்கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்தால் உயிர் போகும். எது விளைவு, எது ஆபத்து என்று பிரித்துக் காட்டுவதுதான் அந்த வாரத்தின் பாடம்.

தாசெக் கரை:
சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் "குடி நிறுத்தும் பொடி" பற்றி முதல் வாரமே கேட்பார்கள். என்ன பதில் சொல்வது? விரதம் இருக்கச் சொல்வது பற்றியும் யாராவது எழுதுங்கள்.

மருந்துச்சீட்டு:
கலந்து கொடுக்கவே கூடாது என்பதே பதில். விளம்பரப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சிலர் டைசல்ஃபிராம் மாத்திரையைத் தூளாக்கிக் குழம்பில் போடுகிறார்கள். அது உடலில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் இருந்தால் மரணமும் நேரலாம். கடைசியாக மது குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த வினை வரலாம். இவை தெரிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பவருக்குத்தான் அது மருந்து. நால்ட்ரெக்ஸோன் வேறு வகை, குடி ஆசையைக் குறைக்கும். ஆனால் ஹெரோயினோ, அதற்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தோ உடலில் இருப்பவருக்குக் கொடுத்தால் கடுமையான விடுபடு வேதனை உடனே கிளம்பும். ஆகையால் பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விரதம் பற்றி நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. தைப்பூசக் காவடிக்கும் ஐயப்பன் மாலைக்கும் விரதம் எடுத்து, 48 நாள் சொட்டுகூடத் தொடாதவர்கள் நம்மிடம் ஏராளம். அந்த மன உறுதி உண்மையானது, அதைக் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் ஆபத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, தொடங்கும் நாள். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு வாய் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் வியர்வை, நடுக்கம், படபடப்பு. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை குழப்பம், காய்ச்சல், இல்லாத ஆளைப் பார்ப்பது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது. மாலை போட்ட மூன்றாம் நாள் இப்படிப் பேசினால் வீட்டில் "சாமி வந்திருக்கு" என்று கற்பூரம் காட்டுவார்கள், அல்லது பேய் என்று பூசாரியிடம் கூட்டிப் போவார்கள். அது மூளை மது இல்லாமல் கொதிக்கும் நிலை. சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைப் பறிக்கும். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே விரதம் எடுக்க நினைப்பவரை ஒரு வாரம் முன்னதாகக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மருத்துவர் கேட்பது எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு வலிப்பு வந்ததா என்ற மூன்றும். "நிறைய குடிப்பார்" என்ற பதில் பயன்படாது. கணக்கு எளிது: மில்லிலிட்டரைப் புட்டியில் போட்டிருக்கும் விழுக்காட்டால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.79ஆல் பெருக்கினால் மதுவின் கிராம். 37 விழுக்காட்டுச் சரக்கு 700 மில்லி என்றால் ஏறக்குறைய 205 கிராம். 320 மில்லி பீர், 5 விழுக்காடு என்றால் 13 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு வாரம் காலிப் புட்டிகளை எண்ணி எழுதி வைக்கும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது ஆபத்து மாலை கழற்றும் நாள். "இனி தொடமாட்டார்" என்று வீடு ஓய்ந்துவிடும். நண்பர்கள் காத்திருப்பார்கள். அந்த நாளுக்கு முன்பே, 48 நாள் தெளிவோடு இருக்கும்போதே, அடுத்த கிளினிக் தேதியை வாங்கிவிட வேண்டும்.

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சாய்த்து, தலைக்குக் கீழே துணி வைத்து, மணியைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயன் ஏதும் இல்லை, அந்த நேரத்தில் அவசர எண் 999ஐ அழைக்கலாம்.

தாசெக் கரை:
ரொம்ப நன்றி. சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிப்பவர்களுக்குத் தனியாக ஏதும் சொல்ல வேண்டுமா?

மருந்துச்சீட்டு:
ஆமாம். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த போலி மது பல உயிர்களைக் குடித்தது. மெத்தனால் உடனே காட்டாது. 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, பார்வை மங்கல், மூச்சு வாங்கல் தொடங்கும். வீட்டார் அதை "ஹேங்ஓவர்" என்று தூங்க விடுவார்கள். குடித்த மறுநாள் "கண்ணு சரியாத் தெரியல" என்று சொன்னால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக்கூடாது. புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஹெரோயின் வீட்டாருக்கும் ஒரு எச்சரிக்கை. சிறையிலிருந்தோ புனர்வாழ்வு மையத்திலிருந்தோ வெளிவந்த முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்தானது. உடலின் தாங்கும் திறன் குறைந்திருக்கும், பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, உதடு நீலமாவது, களகளவென்ற குறட்டை இவை அடையாளம். பால், உப்புத் தண்ணீர் எதையும் ஊற்ற வேண்டாம். சாய்த்துப் படுக்க வைத்து 999. மெத்தடோன் 2005 முதல் அரசாங்க கிளினிக்குகளில் கொடுக்கப்படுகிறது. தொடக்கத்தில் தினமும் போக வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து தவறவிட்டால் பழைய அளவைக் கொடுக்கமாட்டார்கள், மருத்துவர் மறுபடி பார்த்துக் குறைவாகத் தொடங்குவார். "இன்னொரு போதைதானே" என்று வீட்டார் தடுத்து அந்த மூன்று நாளை உண்டாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்புக்கட்டு:
சட்டப் பக்கம். ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் உங்களை ஒரு சங்கமாகப் பார்க்கும். தனியாகப் பதிவு செய்ய நேரம் பிடிக்கும். ஏற்கெனவே பதிவு பெற்ற ஓர் அமைப்பின் கீழ் ஒரு நடவடிக்கையாக நடத்துவதே சுலபம். அந்த அமைப்பின் கூட்டக் குறிப்பில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். நடத்துபவர் தன்னைக் "கவுன்சிலர்" என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர்கள் சட்டத்தின்படி பதிவு உள்ளவர் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். "ஒருங்கிணைப்பாளர்" என்று போடுங்கள்.

பணப்பெட்டி வைத்தால் ஆளுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்), விருப்பம்போல. இருவர் சேர்ந்து எண்ணி, அங்கேயே நோட்டில் எழுதிக் கையெழுத்து. உறுப்பினருக்குள் கைமாற்று கூடவே கூடாது. ஐம்பது வெள்ளிக் கடனுக்காக இரண்டு பேர் வராமல் போவார்கள்.

கடன் தலைப்புக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு என்றால் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தில் இலவச ஆலோசனை உண்டு. வட்டிக்காரன், ஆ லோங் என்றால் கணவனின் கடனை மனைவி "அடைத்துத் தொலைக்கிறேன்" என்று நகையை அடகு வைப்பதுதான் வழக்கமாக நடப்பது. அடைத்த மாதமே புதுக் கடன் கொடுப்பான், ஏனென்றால் கட்ட ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மிரட்டல் செய்தி, வாசலில் அடித்த பெயிண்ட் எல்லாவற்றையும் படம் பிடித்து பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட் செய்ய வேண்டும். எந்தக் காகிதத்திலும் ஜாமீன் கையெழுத்துப் போடக்கூடாது.

பிறைப்பாலம்:
ஏஏடிகேக்கு (தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம்) போனால் பிள்ளையைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா என்று அம்மாக்கள் பயப்படுகிறார்கள். என்ன சொல்ல?

கோப்புக்கட்டு:
தானாக முன்வந்து சிகிச்சை கேட்பதும், சோதனையில் பிடிபட்டு நீதிமன்ற ஆணையோடு போவதும் வெவ்வேறு வழி. 1983ஆம் ஆண்டுப் போதைப்பித்தர்கள் சிகிச்சை, புனர்வாழ்வுச் சட்டத்திலேயே தானாக விண்ணப்பிக்க இடமிருக்கிறது. வயது குறைந்த பிள்ளைக்குப் பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். 2024இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. ஆகையால் பழைய கையேட்டைப் பார்த்து உறுதி கொடுக்காதீர்கள், குழுவிலிருந்து ஒருவர் மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போய் இப்போதைய நடைமுறையைத் தமிழில் எழுதி வந்து வாசிக்கட்டும். அம்மா அலுவலகத்துக்குப் போகும்போது பையில் எந்தப் பொருளையும் "சாட்சிக்கு" எடுத்துப் போகக்கூடாது. வைத்திருப்பதே குற்றம், யாருடையது என்று பிறகுதான் கேட்பார்கள்.

மல்லிகைப் பந்தல்:
அடி விழும் வீடுகளைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. மேலே நிழல்மரம் சொன்ன பேச்சுப் பயிற்சி அடி விழும் வீட்டுக்குப் பொருந்தாது. முதல் அழைப்பிலேயே, தனியாக இருக்கும்போது, "வீட்டில் உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? கழுத்தைப் பிடித்திருக்கிறாரா?" என்று நேராகக் கேளுங்கள். கழுத்தை நெரித்தது உண்டு என்றால் கொலை வரை போகக்கூடிய வீடு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் சமூகநல அதிகாரி கொடுக்கும் அவசரப் பாதுகாப்பு ஆணை 7 நாள் நிற்கும், விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்தில் கிடைக்க வேண்டும், அதற்கு பாலாய் ரிப்போர்ட் கட்டாயமில்லை. 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை எந்நேரமும் எடுப்பார்கள். அடிபட்டிருந்தால் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவில் நெருக்கடி உதவிப் பிரிவு உண்டு. காயத்தை அங்கே பதிய வைக்க வேண்டும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், இரண்டு உடுப்பு, மருந்து இவற்றை ஒரு பையில் போட்டு நம்பகமான வேறொரு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். சொந்த வீட்டில் ஒளித்தால் கண்டுபிடிப்பார், அதுவே அடிக்குக் காரணமாகும்.

வாட்சாப் குழுவும் வேண்டாம். எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும், கணவர் போனைப் பார்க்கும் வீடுகள் நிறைய. பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புங்கள். உங்கள் எண்ணைச் சேமித்தவருக்குத்தான் அது போய்ச் சேரும், அதனால் முதல் நாளே எல்லாரும் சேமித்துக்கொண்டார்களா என்று பாருங்கள். செய்தியில் "ஞாயிறு 4 மணி வகுப்பு உண்டு" என்பதற்கு மேல் ஒன்றும் எழுத வேண்டாம்.

நிழல்மரம்:
மல்லிகை அக்கா சொன்னது சரி, நான் முன்பே எழுதியிருக்க வேண்டியது. அடி விழும் வீட்டுப் பெண் சுற்றில் உட்காரலாம், நடித்துப் பார்க்கும் பகுதியில் அவரைச் சேர்க்காதீர்கள்.

பிறைப்பாலம்:
பாலர் பள்ளி மாடியைப் பேசிவிட்டோம், ஞாயிறு நான்கு மணி. பிள்ளைகளை எங்கே விடுவது?

செந்தூல் ரயிலடி:
வட்டத்துக்குள் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை கேட்டதை அப்பாவிடம் அப்படியே சொல்லும். கீழ் வகுப்பறையில் நிறம் தீட்ட வைத்து, இரண்டு பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒருவர் மட்டும் கூடாது. பதின்ம வயதினருக்கு அம்மாவோடு உட்கார்ந்தால் வாய் வராது, நான்கு பேர் சேர்ந்ததும் தனி வட்டம் தொடங்குங்கள்.

மாடிச் சாவி இருவரிடமும் ஆளுக்கொன்று இருக்கட்டும். ஒருவருக்கு வண்டி பழுதானாலும் நான்கு மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். முதல் முறை வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி மாடி ஏறமாட்டார்.